கூரைத்தளம்: கணக்கும் கட்டுமானமும்

கான்கிரீட் தளம் அசையாமல் கிடப்பதுபோலத் தெரிந்தாலும் வளைந்துதான் பாரம் தாங்குகிறது. நான்கு சுவர்மேல் கிடக்கும் தளத்தின் நடுப்பகுதி, தன் எடையாலும் மேலேறும் பாரத்தாலும் மயிரிழை கீழே இறங்குகிறது. அப்படி இறங்கும்போது மேல்முகம் நெருக்குண்கிறது, அடிமுகம் இழுபடுகிறது. நெருக்குதலைத் தாங்குவதில் கான்கிரீட்டும் கருங்கல்லும் கெட்டி. இழுவை வந்தால் இரண்டும் சோப்ளாங்கி. கான்கிரீட்டின் இழுவைத்திறன் அதன் அழுத்தத்திறனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். பழைய கோயில் மண்டபங்களில் தூண்கள் அவ்வளவு நெருக்கமாக நிற்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை. மேலே கிடக்கும் கல்பலகையை இன்னும் சில அடி நீட்டியிருந்தால் அடியில் கீறல் விட்டு முறிந்திருக்கும். இழுபடும் அந்த முகத்தில் இரும்புக் கம்பியைப் புதைத்ததால்தான் நடுவில் தூணே இல்லாத கூடம் சாத்தியமானது.

ஆகவே தளத்தைப் பற்றிய முதல் கேள்வி, கம்பி எத்தனை கிலோ என்பதல்ல. கம்பி எந்த முகத்தில் கிடக்கிறது என்பது. சுவருக்குச் சுவர் தனியாகக் கிடக்கும் தளத்தில் இழுவை அடியில். நடுச்சுவரைத் தாண்டி அடுத்த அறைக்கும் தொடர்ந்து போகும் தளத்தில், அந்த நடுச்சுவருக்கு மேலே மட்டும் இழுவை மேல்முகத்துக்கு ஏறிவிடும். சன்ஷேடு, பால்கனி, போர்ட்டிகோ நீட்டல் போன்று ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ளவற்றில் முழு இழுவையும் மேலேதான். இந்த மூன்றையும் மனத்தில் வாங்கிக்கொண்டவர் வரைபடம் இல்லாமலே பாதித் தவறுகளைக் கண்டுபிடித்துவிடலாம்.

கனம்

சேந்தமங்கலம் வட்டாரத்தில் தளம் என்றால் 5 அங்குலம் என்று வாய்ப்பாடாகவே சொல்லிவிடுவார்கள். 10-க்கு 12 அடி அறைக்கு அது சரி. 14-க்கு 18 அடி ஹாலுக்கும் அதே 5 அங்குலத்தை நீட்டினால், இடிந்து விழாவிட்டாலும் தொய்யும், அடிப்பூச்சு கீறும், மின்விசிறிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே தொய்வு தெரியும்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 456:2000 விதித்தொகுப்பு இதற்கு எளிய அளவுகோல் தருகிறது. குறுகிய பக்கம் 3.5 மீட்டருக்கு உட்பட்டு, மேலேறும் பாரம் சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மிகாமல் இருந்தால், இரு திசையிலும் கம்பி ஓடும் தனித்தளத்துக்குக் குறுகிய பக்கத்தின் நீளத்தை 35-ஆல் வகுத்தால் கனம் கிடைக்கும், தொடர்தளத்துக்கு 40-ஆல். இந்த எண்கள் பழைய சாதாக் கம்பிக்கு உரியவை. ஃபெ 415 முறுக்குக் கம்பிக்கு அவற்றை 0.8-ஆல் பெருக்க வேண்டும் என்பதால் 28 என்றும் 32 என்றும் ஆகின்றன. இன்று கடையில் கிடைக்கும் ஃபெ 500 கம்பிக்கு இதைவிடத் தாராளமாகப் போகக் கூடாது. 3.5 மீட்டரைத் தாண்டும் ஹாலுக்கு இந்தக் குறுக்குவழி பொருந்தாது. அங்கே 6 அங்குலமா, நடுவில் பீம் கொடுத்து இரண்டாகப் பிரிப்பதா என்பதைப் பொறியாளர் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். கனத்தைக் கூட்டுவதும் இலவசமல்ல: ஓர் அங்குலம் கூடினால் சதுர மீட்டருக்கு 60 கிலோவுக்கு மேல் தளத்தின் சொந்த எடையே ஏறிவிடும்.

ஓர் அறையின் கணக்கு

உட்பக்கம் 3 மீட்டருக்கு 3.6 மீட்டர், அதாவது ஏறக்குறைய 10-க்கு 12 அடி அறை. சுற்றிலும் 9 அங்குலச் சுவர். தளம் 125 மி.மீ. பிற்பாடு மாடி எடுக்கும் எண்ணம் உண்டு. கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்கு 2,500 கிலோ. அந்த வகையில் தளத்தின் எடை சதுர மீட்டருக்கு 312 கிலோ. மேலே போடும் சுருக்கிக்கும் ஓட்டுக்கும் 200 கிலோ. குடியிருப்பு அறைக்கு ஐ.எஸ். 875 சொல்லும் பயன்பாட்டுப் பாரம் 200 கிலோ. ஆக மொத்தம் 712, பாதுகாப்புக்காக 1.5 மடங்கு எடுத்தால் 1,068 கிலோ.

குறுகிய பக்கத்தின் கணக்கு நீளம், உள்ளளவோடு தளத்தின் பயனாழத்தையும் சேர்த்து 3.1 மீட்டர். பயனாழம் என்பது தளத்தின் மேல்முகத்திலிருந்து அடிக்கம்பியின் மையம் வரையுள்ள தூரம்: 125-இல் அடிக்கவர், அதாவது கம்பிக்கு அடியிலுள்ள கான்கிரீட் கனம், 20-ஐயும் பாதிக் கம்பி 4-ஐயும் கழித்தால் 101, கணக்குக்கு 100. நீளத்துக்கும் அகலத்துக்குமான விகிதம் 1.2 என்பதால் விதித்தொகுப்பின் அட்டவணைப்படி குறுகிய பக்கத்துக்குக் கெழு 0.084, நீண்ட பக்கத்துக்கு 0.059. எனவே குறுகிய பக்கத்தில் வளைவுத் திருப்பம் 0.084 × 1,068 × 3.1 × 3.1, அதாவது மீட்டர் அகலத்துக்குச் சுமார் 862 கிலோ-மீட்டர். எம்20 கான்கிரீட், ஃபெ 500 கம்பி என்றால் இதற்கு வேண்டிய கம்பியின் பரப்பு சுமார் 210 சதுர மி.மீ. ஒரு 8 மி.மீ. கம்பியின் பரப்பு 50. ஆக 200 மி.மீ. இடைவெளியில் 8 மி.மீ. கம்பி வைத்தால் 250 கிடைக்கிறது. கணக்கு நிறைந்து மிச்சமும் இருக்கிறது. நீண்ட பக்கத்துக்கு 160 போதும். அதற்கும் அதே இடைவெளியை வைத்துக்கொள்வது வேலைக்கு எளிது. முறுக்குக் கம்பிக்கு விதித்தொகுப்பு கேட்கும் குறைந்தபட்சம், தளத்தின் குறுக்குவெட்டில் 0.12 சதவீதம், இங்கே அது 150 சதுர மி.மீ. முதன்மைக் கம்பிகளின் இடைவெளி எப்படியும் பயனாழத்தின் 3 மடங்கையோ 300 மி.மீ.யையோ, இவற்றில் எது சிறியதோ அதைத் தாண்டக் கூடாது.

கம்பி கட்டுபவர்கள் வழக்கமாக 6 அங்குலத்துக்கு ஒன்று கட்டுகிறார்கள். 8 அங்குலம் போதும் என்று காகிதம் சொன்னாலும் நம்புவதற்கு மனம் வராது. 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்கு ஆர்.சி.சி. கூரை வருகிறது. அந்த அளவுத் தளத்தில், அறைகள் இதே அளவு இருந்தால், இரு திசையிலும் 8 அங்குல இடைவெளிக்கு அடிக்கம்பி 110 கிலோ. 6 அங்குலத்துக்கு 147 கிலோ. கூடுதல் 37 கிலோவால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் காசில் கவர் பிளாக்கும் சேர் கம்பியும் இரண்டு நாள் கூடுதல் தண்ணீரும் வாங்கினால் தளத்துக்கு நிஜமான பலம் சேரும். கம்பியைக் கூட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது. அதனாலேயே எல்லாரும் அதைச் செய்கிறார்கள்.

கம்பி கட்டுதல்

சேலம் ஸ்டீல் என்று பெயர் கேட்டு ஏமாற வேண்டாம். சேலம் உருக்காலையில் உருவாவது எவர்சில்வர் தகடு, கட்டடக் கம்பி அல்ல. கம்பியில் பார்க்க வேண்டியது ஐ.எஸ். 1786 முத்திரையும் எடையும். விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது வரும்: 8 மி.மீ.க்கு 0.395, 10 மி.மீ.க்கு 0.617, 12 மி.மீ.க்கு 0.888. 12 மீட்டர் நீள 8 மி.மீ. கம்பி ஒன்று 4.74 கிலோ நிற்க வேண்டும். மொத்தக் கட்டாக நிறுத்துப் பார்க்கையில் 7 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடலாம். மேலோட்டமான செந்துரு பரவாயில்லை, கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள பிடிப்பைக் கெடுக்காது. உதிரும் துருவையும் மண்ணையும் எண்ணெயையும் துடைத்தாக வேண்டும்.

இரு திசைக் கம்பிகளில் குறுகிய பக்கமாக ஓடுவது அடியில் இருக்க வேண்டும், நீண்டது அதன்மேல். இது மாறிப்போனால் அதிக இழுவை வாங்கும் கம்பியின் பயனாழம் 8 மி.மீ. குறைந்துபோகும்.

அடிக்கவர் 20 மி.மீ. வேண்டும். விதித்தொகுப்பு 12 மி.மீ. வரையிலான கம்பிக்கு மிதமான சூழலில் 5 மி.மீ. குறைக்க இடம் தருகிறது. அந்தச் சலுகையைப் பயன்படுத்தாமல் விடுவதே நல்லது. கம்பிக்கு அடியில் முக்கால் ஜல்லியைத் திணித்துக் கவர் பிளாக் என்று பெயர் வைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஆள் நடந்ததும் ஜல்லி உருண்டு கம்பி சென்ட்ரிங் ஷீட்டில் படியும். நான்கைந்து வருடத்தில் அந்த இடம் துருவேறிப் பொருமிப் பூச்சோடு உதிரும். நல்ல கவர் பிளாக்குகளைச் சிமென்ட் கலவையில் வார்த்து, ஒரு வாரமாவது தண்ணீரில் ஊறவைத்து, மூன்றடிக்கு ஒன்றாக வைத்தால் போதும்.

கம்பியின் இணைப்பு நீளம் அடுத்த பொறி. எம்20 கான்கிரீட்டில் ஃபெ 500 கம்பி முழுப் பலத்துடன் பிடிக்கக் கம்பி விட்டத்தின் 57 மடங்கு நீளம் வேண்டும். 8 மி.மீ.க்கு அது 456 மி.மீ., அதாவது ஒன்றரை அடி. களத்தில் பெரும்பாலும் ஓரடி விடுகிறார்கள், அதையும் எல்லாக் கம்பிக்கும் ஒரே கோட்டில், சில நேரம் அறையின் நடுவில். இணைப்புகளை மாற்றி மாற்றி, இழுவை குறைந்த இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். தொடர்தளத்தில் நடுச்சுவருக்கு மேலே வரும் கம்பியில் பாதியாவது இரு பக்கமும் அறை நீளத்தின் 0.3 பங்கு தூரம் ஓட வேண்டும், மீதி 0.15 பங்கு வரையாவது போக வேண்டும். வெளிச்சுவரில் தனியாக முடியும் ஓரத்திலும், நடுக்கம்பியின் பாதி அளவு மேல்முகத்தில் 0.1 பங்கு தூரம் இருந்தாக வேண்டும். மேலே கைப்பிடிச்சுவரோ மாடிச்சுவரோ அமுக்கும்போது அந்த ஓரம் முழுச் சுதந்திரமாகத் திரும்பாது, மேலே கீறும்.

மேல்கம்பி நிற்கும் உயரத்தைச் சேர் கம்பிதான் காக்கிறது. பால்கனியில் நடப்பதைப் பார்த்தால் இது விளங்கும். காலையில் கட்டி முடித்தபோது 5 அங்குல நீட்டலின் மேல்கம்பி அடிமுகத்திலிருந்து 101 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. பத்து மணிக்குள் சட்டி சுமந்தவர்கள் அதன்மேல் முப்பது நாற்பது தடவை நடந்திருப்பார்கள். சேர் கம்பி இல்லாத இடத்தில் கம்பி ஒன்றரை அங்குலம் தாழ்ந்து 63 மி.மீ.யில் கிடக்கும். கம்பி ஒன்றும் காணாமல் போகவில்லை, எண்ணினால் கணக்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் தாங்கும் திறனில் ஐந்தில் இரண்டு பங்கு அப்போதே போய்விட்டது. கான்கிரீட் மூடியபின் அதை யாரும் பார்க்கப் போவதில்லை. இரண்டடிக்கு ஒரு சேர் கம்பியும், நடப்பதற்குக் கம்பியைத் தொடாமல் போட்ட பலகையும் இதற்கு மருந்து. நீட்டலுக்குக் கான்கிரீட் போடும்போது ஒருவர் கொக்கிக் கம்பியோடு நின்று மேல்கம்பியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பதும் வீண் வேலையல்ல.

வயர் பைப்புகள் இரண்டு கம்பி அடுக்குகளுக்கும் நடுவில் போக வேண்டும். ஃபேன் பாக்ஸைச் சுற்றி நான்கைந்து பைப்புகளைக் கட்டாகச் சேர்த்துவிட்டால் அந்த இடத்தில் கான்கிரீட்டே இருக்காது.

சென்ட்ரிங்

10-க்கு 12 அறையின் ஈரக் கான்கிரீட் மட்டும் மூன்றரை டன். ஆட்களும் வைப்ரேட்டரும் ஓரிடத்தில் குவித்த கலவையும் தனி. இதை எல்லாம் தாங்கும் முட்டு, நேற்று மழை பெய்த மண்ணில் நேரடியாக நிற்கக் கூடாது. அடியில் பலகை வேண்டும். சவுக்கு முட்டை இரண்டு துண்டாக ஒட்டுப்போட்டு நிறுத்துவது ஆபத்தான சிக்கனம். முட்டுகளைக் குறுக்கே இழுத்துக் கட்டாவிட்டால் ஒன்று சாய்ந்தால் அடுத்ததும் சாயும். ஷீட்டுகளின் சந்துகளில் டேப் ஒட்டியோ காகிதம் வைத்தோ அடைக்க வேண்டும். அதில் ஒழுகுவது வெறும் தண்ணீர் அல்ல, சிமென்ட் பால். ஒழுகின இடத்தில் பின்னால் தேன்கூடு தெரியும்.

கலவை

எம்20-க்கான வாய்பாடு 1:1½:3. 300 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் என்றால் 125 கன அடி, 3.54 கன மீட்டர். அதற்குச் சிமென்ட் 28 மூட்டை, மணல் அரை யூனிட்டுக்குச் சற்று மேல், முக்கால் ஜல்லி ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். சேதாரம் தனி. சட்டிக் கணக்கைவிட, 35 லிட்டர் கொள்ளும் பெட்டி ஒன்று அடித்துக்கொண்டு அளப்பது நல்லது. ஒரு மூட்டைச் சிமென்ட்டின் கன அளவு அதுதான்.

கொல்லிமலை அடிவாரத்திலும் நாமக்கல் சுற்றிலும் உள்ள பாறை சார்னோகைட்டும் நைஸும். இரண்டும் தளத்துக்கு உகந்த கெட்டிக் கல். ஜல்லி பிரச்சினை இல்லை. மணலில்தான் கவனம் வேண்டும். எம்-சாண்ட் என்று வருவது கிரஷர் பவுடராக இருக்கலாம். பூச்சுக்கான பி-சாண்டும் கலந்து வரலாம். ஐ.எஸ். 383, உடைகல் மணலில் 150 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூளை 20 சதவீதம் வரை அனுமதிக்கிறது, அதற்குமேல் போனால் தண்ணீரை விழுங்கும். ஈர மணல் உப்பும் என்பதையும் மறக்கக் கூடாது. சட்டி நிறைந்தாலும் மணல் குறைவாகவே இருக்கும்.

தண்ணீரில்தான் பெரும்பாலான தளங்கள் கெடுகின்றன. மிதமான சூழலுக்கு விதித்தொகுப்பு சொல்லும் தண்ணீர்-சிமென்ட் உச்ச விகிதம் 0.55. மூட்டைக்கு 27.5 லிட்டர், மணலின் ஈரத்தையும் சேர்த்து. கலவை மெஷின்காரர் இன்னும் அரைக் குடம் சேர்த்தால் விகிதம் 0.70 ஆகிவிடும். கலவை கூழாக ஓடும், வேலை வேகமாக நடக்கும், பலத்தில் கால் பங்குக்கும் மேல் போய்விடும். கூம்புச் சோதனை இதற்கு எளிய காவல். 300 மி.மீ. உயரக் கூம்பில் கலவையை நிரப்பித் தூக்கினால், சாதாரணத் தளத்துக்கு 25 முதல் 75 மி.மீ. வரை அமுங்கலாம். ரெடிமிக்ஸ் லாரியானாலும் கலவை கெட்டி என்று டியூப் வைத்துத் தண்ணீர் பாய்ச்சக் கூடாது.

நாமக்கல், சேலம் பகுதி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊருக்கு ஊர் மாறும். ஆர்.சி.சி.க்கு உதவும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ளும் சல்ஃபேட் 400-க்குள்ளும் இருக்க வேண்டும். அமில-கார அளவு 6-க்குக் குறையக் கூடாது. உப்பு கரிக்கும் தண்ணீரைச் சோதிக்காமல் ஊற்றுவது கம்பியைத் துருவுக்குத் தத்தம் செய்வது போல.

போடும் நாள்

வைகாசி வெயிலிலும் ஆடிக் காற்றிலும் தளம் போடுவதானால் விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றுக்கு வெயிலே வேண்டாம். மேற்பரப்பின் ஈரத்தை அதுவே உறிஞ்சிவிடும். இரண்டு மணி நேரத்தில் தளத்தின்மேல் கோணல்மாணலாகக் கீறல் ஓடுவது இதனால்தான். போட்டு மட்டம் பார்த்த பகுதியை அப்போதைக்கப்போது பிளாஸ்டிக் தாளால் மூட வேண்டும். லேசாகக் கீறியிருந்தால், இறுகுவதற்கு முன் மரக்கட்டையால் மீண்டும் தேய்த்தால் மூடிக்கொள்ளும்.

ஷீட்டையும் சுவர் தலையையும் முதலில் நனைக்க வேண்டும். கலவையைத் தூரத்திலிருந்து கொட்டி மண்வெட்டியால் இழுத்தால் ஜல்லி ஓரிடத்திலும் சாந்து ஓரிடத்திலுமாகப் பிரியும். வைப்ரேட்டர் ஊசியைச் செங்குத்தாக விட்டு, குமிழ் வருவது நின்றதும் மெதுவாக எடுக்க வேண்டும். கான்கிரீட்டில் 1 சதவீதம் காற்று தங்கினால் பலத்தில் சுமார் 5 சதவீதம் குறையும். பீம் ஓரம், ஃபேன் பாக்ஸ் சுற்றளவு, சன்ஷேடு வேர் ஆகிய மூன்று இடங்களில் ஊசி போனதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். மழையோ மெஷின் பழுதோ வந்து நிறுத்த நேர்ந்தால் சுவர் ஓரத்தில் நிறுத்தாமல் அறையின் நடுப்பாகத்தில், பலகை வைத்துச் செங்குத்தாக நிறுத்தலாம். மறுநாள் அந்த முகத்தைக் கொத்திக் கழுவிச் சிமென்ட் பால் பூசித் தொடரலாம்.

தளம் போடும் அன்று ஆட்களுக்கு வீட்டுக்காரர் கறிச்சோறு போடுவது பல ஊர்களில் வழக்கம். பந்தியைக் கடைசிச் சட்டி விழுந்த பிறகு வைத்துக்கொண்டால் தளத்துக்கும் நல்லது. நடுவில் நிறுத்தினால் பாதித் தளம் இறுகியிருக்கும்.

5 கன மீட்டர் வரை ஒரு மாதிரி, அதாவது 150 மி.மீ. கட்டைகள் மூன்று எடுத்து 28-ஆம் நாள் உடைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. வீட்டு வேலையில் இதை யாரும் செய்வதில்லை. பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் சிறு தொகைக்குச் செய்து தருவார்கள்.

தண்ணீர் கட்டுதலும் பிரித்தலும்

இன்று மூட்டையில் வரும் சிமென்ட் பெரும்பாலும் பி.பி.சி. மேட்டூர் போன்ற அனல் மின் நிலையங்களில் கிடைக்கும் ஃப்ளை ஆஷ் கலந்தது. நல்ல சிமென்ட்தான், ஆனால் நிதானமாகப் பலமேறும். அதற்கு 10 நாள் ஈரம் குறைந்தபட்சம். 14 நாள் கொடுத்தால் நிறைவு. தளத்தின்மேல் வயல் வரப்புபோலச் சிமென்ட் சாந்தால் பாத்தி கட்டி இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்த வேண்டும். 300 சதுர அடிக்கு முதல் நிரப்புக்குச் சுமார் 1,400 லிட்டர். சித்திரையில் போர் வற்றிவிட்டால் சணல் சாக்கோ வைக்கோலோ பரப்பி நனைத்து வைப்பது சிக்கனம். சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். காலை ஒரு தரம் மாலை ஒரு தரம் டியூபில் பீய்ச்சிவிட்டுப் போவது கணக்கில் வராது.

4.5 மீட்டர் வரையான தளத்தின் முட்டை 7 நாளிலும், அதற்கு மேற்பட்டதை 14 நாளிலும் எடுக்கலாம் என்றும், 6 மீட்டர் வரையான பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள் என்றும் விதித்தொகுப்பு சொல்கிறது. இவை சாதாச் சிமென்ட்டுக்கான நாட்கள், பி.பி.சி.க்குக் கூட்ட வேண்டும். ஷீட் வாடகை ஏறுகிறது என்று ஐந்தாம் நாளே பிரிக்கக் கேட்பவருக்கு இடம் கொடுக்கக் கூடாது.

பிரிக்கும் வரிசையும் முக்கியம். அறைத் தளத்தில் நடுவிலிருந்து சுவரை நோக்கி முட்டை எடுக்க வேண்டும். நீட்டலில் வெளிநுனியிலிருந்து சுவரை நோக்கி வர வேண்டும். நுனி முட்டை விட்டுவிட்டு வேரிலுள்ளதை உருவினால், கம்பி இல்லாத அடிமுகத்தில் இழுவை விழுந்து நீட்டல் அங்கேயே கீறும். லிண்டலோடு சேர்த்துப் போட்ட சன்ஷேடைப் பிடித்து நிறுத்துவது அதன் மேலே எழும் சுவரின் எடை. அந்தச் சுவர் ஏறிக் காய்வதற்கு முன் முட்டை எடுத்தால், கம்பி எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், சன்ஷேடு லிண்டலோடு புரண்டு கீழே வரும்.